மறுமொழி: டயருக்குள் இருக்கும் சென்சாருக்கு என்ன பெயர்?

அன்புள்ள ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

டயரின் அழுத்தத்தை அளந்து வண்டியின் திரைக்கு அனுப்பும் சென்சாருக்கு, பயனர் கையேட்டில் இடத் தாங்கள் முன்வைத்த பெயர் ‘காற்றழுத்த உணரி’. அதில் சென்சாரைக் குறிக்கும் ‘உணரி’ சரிதான். அது நிலைத்துவிட்ட சொல். ‘காற்றழுத்தம்’தான் இடிக்கிறது. வானிலை அறிக்கையில் நாம் கேட்டுப் பழகிய அந்தச் சொல் வெளிக்காற்றைக் குறிப்பது. நமக்கு வேண்டியது டயருக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம்.

போடியில் பைக் பழுதுபார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு பணத்தோடு தொடர்புடையது. இங்கிருந்து போடிமெட்டுக்குச் சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றம். அவ்வளவு ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐ குறைந்துவிடும். டயருக்குள் இருக்கும் உணரிகளில் பல, வெளிக்காற்றைக் கணக்கில் கொள்ளாமல் உள்ளேயுள்ள அழுத்தத்தை மட்டும் அளப்பவை. திரையில் காட்டும்போது அதிலிருந்து வெளிக்காற்றுக்கென மாறாத ஓர் அளவு கழிக்கப்படும். கையில் பிடிக்கும் அழுத்தமானியோ உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுவது. அதனால் அடிவாரத்தில் ஒத்துப்போன இரண்டும் மேலே முரண்படும். மூணாறு போகும் வழியில் இதைக் கண்டு பதறி, நல்ல உணரியைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

உண்மையான பழுது வேறு விதமாகத் தெரியும். திரையில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் எண் வராமல் கோடுகள் நின்றால், பெரும்பாலும் அந்த உணரியின் மின்கலம் தீர்ந்திருக்கும். இரண்டுக்குமே வராவிட்டால் உணரிகள் அனுப்புவதை வாங்கும், வண்டியிலுள்ள ஏற்பியை (ரிசீவரை) முதலில் பார்க்க வேண்டும். வண்டி நிற்கும்போது உணரி உறங்கிவிடும். சக்கரம் வேகமெடுத்த பிறகே விழிக்கும். ஆகவே ஸ்டாண்டில் நிறுத்திக் கையால் சுற்றிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பஞ்சருக்காக ஊற்றும் திரவம் இன்னொரு எதிரி. ஒரு டயரைப் பிரித்தபோது, வால்வின் அடியில் திருகியிருந்த உணரியின் கறுப்புப் பெட்டியின்மேல் அது காய்ந்து ஏடு கட்டியிருந்தது. அழுத்தம் புக வேண்டிய ஊசிமுனைத் துளை கண்ணுக்கே தெரியவில்லை. மின்கலம் நன்றாக இருந்ததால் திரையில் எண் வந்தது, தவறான எண்.

ஆகவே என் பரிந்துரை ‘டயர் உள்ளழுத்த உணரி’. ‘டயர்’ அப்படியே இருக்கட்டும். ‘சக்கரம்’ என்றால் ரிம்மும் சேர்ந்துவிடும்.

மாற்றும் வேலையிலும் ஒரு சொல் தேவைப்படுகிறது. மின்கலம் பிசினுக்குள் புதைந்திருப்பதால் பெரும்பாலும் உணரியை முழுதாகவே மாற்றுகிறோம். வால்வின் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட்டு, டயரை மாட்டி, சக்கரத்தைச் சமன்செய்த பிறகு, புதிய உணரியின் அடையாள எண்ணை வண்டிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடைசிப் படியைச் சிலர் ‘இணைத்தல்’ என்று எழுதுகிறார்கள். தங்கள் கருத்து என்ன?

— போடிநாயக்கனூரிலிருந்து

அன்புத் தம்பிக்கு,

உங்கள் மலையேற்றக் கணக்கு எனக்குப் போதுமான சான்று. ‘உள்ளழுத்தம்’ நிற்கட்டும். ஒரு விளக்கம் மட்டும் சேர்க்க வேண்டும். வால்வு மூடிக்குப் பதிலாக வெளியே திருகும் உணரிகளும் விற்கின்றன. ‘உள்’ என்பது அழுத்தம் இருக்கும் இடம். உணரி இருக்கும் இடமன்று. வகை பிரிக்க வேண்டுமானால் வெளியே திருகுவது ‘மூடி உணரி’, உள்ளே இருப்பது ‘வால்வடி உணரி’. மூடி உணரியின் எடை ரப்பர் வால்வை ஆட்டி ஆட்டி வெடிப்பு விழச் செய்யும் என்பதையும், உலோக வால்வே ஏற்றது என்பதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட செய்தி.

‘இணைத்தல்’ வேண்டாம். இரு பக்கமும் பேசிக்கொள்ளும் கருவிகளுக்கு அது பொருந்தும். இங்கே உணரி தன் எண்ணை அனுப்புகிறது, வண்டி குறித்துக்கொள்கிறது. ‘எண் பதிவு’ போதும்.

செங்கோட்டையில் நமக்குத் தெரிந்த பட்டறைக்காரர்களிடம் இந்தச் சொற்களைச் சொல்லிப் பார்க்கிறேன். ஆரியங்காவு வழியாகக் கேரளத்திலிருந்து வருகிறவர்களும் டயரில் அடைப்பதைக் ‘காற்று’ என்றுதான் சொல்கிறார்கள். எனவே பயனர் கையேட்டில் ‘காற்று குறைவு’ என்ற எச்சரிக்கையை மாற்ற வேண்டாம். உறுப்பின் பெயருக்கு மட்டும் ‘உள்ளழுத்த உணரி’யைப் பயன்படுத்துவோம்.

— செங்கோட்டையிலிருந்து