பம்பைக் கழற்றுவதற்கு முன்: பழைய ரொயோட்டா டீசல் ஜீப் வைத்திருப்போரின் அனுபவங்கள்

வவுனியாவிலிருந்து ஒருவர்:

1983ஆம் ஆண்டு ஜப்பானில் தயாரான ரொயோட்டா லாண்ட் குரூசர் பிஜே42 ஒன்று பதினொரு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அதில் உள்ளது 3பி என்ற நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். கொள்ளளவு 3,432 சிசி. டேர்போ இல்லை, கம்பியூட்டர் இல்லை, ஆகவே யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று விற்றவர் சொன்னார். அப்படியானால் எனக்கு முன்பே யார் யாரோ திருத்தியிருப்பார்கள் என்பது வாங்கி ஆறு மாதம் கழிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, பழையதைக் கொடுத்து வேறொன்று வாங்கும் யோசனைக்கு இடமில்லாமல் போயிற்று. அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் எஞ்சின் ஒரு புதுப் பழக்கத்தைத் தொடங்கியது. நிறுத்தி வைத்து ஓடவிட்டால் சத்தம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். மூச்சிரைப்புக்காரர் படுத்திருப்பதைப் போல இருக்கும். மிதியிலிருந்து காலை எடுத்தாலும் வேகம் உடனே தணியாது. மாத்தளைப் பக்கம் ஏற்றத்தில் கரும்புகை வந்து பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

இரண்டு கராஜ்களில் காட்டினேன். இரண்டிலும் ஒரே தீர்ப்பு: டீசல் பம்ப் தேய்ந்துவிட்டது, கழற்றி பம்ப் றூமுக்கு, அதாவது டீசல் பம்ப் திருத்தும் பட்டறைக்கு, அனுப்ப வேண்டும். அனுப்பினேன். டீசலைத் தெளிக்கும் நொசில் நான்கும் மாற்றப்பட்டன, பம்ப் கழுவப்பட்டுப் புதிய வாஷர்களுடன் திரும்பி வந்தது. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் செலவாயிற்று. மூன்றாம் கிழமை அதே ஏற்றமும் இறக்கமும் திரும்பி வந்தன. இப்போது எஞ்சினே போய்விட்டது, கொழும்பிலிருந்து வேறு எஞ்சின் எடுத்துப் போடலாம் என்றார்கள்.

கிளிநொச்சிப் பக்கம் உழவு இயந்திரங்களும் நீர் இறைக்கும் எஞ்சின்களும் திருத்தும் ஒரு முதியவரிடம் என் மைத்துனர்தான் கூட்டிச் சென்றார். முதியவர் பம்பின் பின்பக்கம் வட்டமான மூடியைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "தம்பி, இதைக் கழட்டினவை விரலால மூடிப் பாத்தவையோ?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு, காற்றுக் குழாயிலிருந்து பம்புக்கு வரும் மெல்லிய இறப்பர்க் குழாயை அவர் கழற்றினார். பம்பில் உள்ள நெம்புகோலை நிறுத்தும் பக்கமாக முழுவதும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குழாய் கழன்ற துளையை என் பெருவிரலால் இறுக்கி மூடச் சொன்னார். பின் நெம்புகோலை விட்டார். நல்ல நிலையில் இருந்தால் அது சிறிதளவு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். என்னுடையது தயக்கமே இல்லாமல் வழுக்கிப் பழைய இடத்துக்கே போய்விட்டது. என் விரலில் காற்று இழுபட்ட உணர்வுகூட இல்லை.

அந்த மூடிக்குள் இருப்பது காற்றழுத்தத்தால் இயங்கும் கவர்னர், டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம். எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் வாயில் ஒரு தட்டு இருக்கிறது. நாம் மிதியை மிதிக்கும்போது நேரடியாக அசைவது பம்ப் அல்ல, இந்தத் தட்டுத்தான். தட்டு மூடியிருக்கும்போது அங்கே உறிஞ்சல் கூடுகிறது. அந்த உறிஞ்சல் மெல்லிய குழாய் வழியாக வந்து பம்பின் பின்புறமுள்ள தோல் சவ்வை இழுக்கிறது. சவ்வு பம்பின் உள்ளே இருக்கும் பற்சட்டத்தை இழுத்து டீசலைக் குறைக்கிறது. சவ்வுக்கு எதிரே ஒரு சுருள்வில் எப்போதும் டீசலைக் கூட்டும் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தோல் காய்ந்து வெடித்தாலோ, அந்த இறப்பர்க் குழாய் எங்காவது கீறியிருந்தாலோ, வில்லைத் தடுக்க ஆளில்லை. என் வண்டியின் மூச்சிரைப்பும், தணியாத வேகமும், கரும்புகையும் எல்லாம் இந்த ஒரே இடத்திலிருந்து வந்தவை. சவ்வு முழுதாகக் கிழிந்திருந்தால் எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் சுற்றி உடைந்தே போயிருக்கலாம் என்பதையும் அவர் சொன்னார். அப்படி நேர்ந்தால் சாவியை நம்பாமல், கியரில் போட்டு பிறேக்கை மிதித்தபடி கிளச்சை விட்டு அணைக்க வேண்டும் என்றும் சொல்லித் தந்தார்.

மூடியைத் திறந்தபோது தோல் பழைய செருப்பின் அடித்தோல் மாதிரி விறைத்து, ஓரத்தில் மயிரிழை போல வெடித்திருந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடியபோது முதற்கடையில் கிடைத்த சவ்வும் பல ஆண்டு அலுமாரியில் கிடந்து காய்ந்திருந்தது. மடித்துப் பார்க்காமல் வாங்கியிருந்தால் மறுபடி அதே கதைதான். இன்னொரு கடையில் கிடைத்த மென்மையானதைப் பொருத்தி, இறப்பர்க் குழாயையும் புதிதாக மாற்றிய அன்றே எஞ்சின் அமைதியாயிற்று. அதே சூட்டில் முதியவர் வால்வு இடைவெளியையும் பார்த்தார்: எஞ்சின் சூடாக இருக்கும்போது உள்வால்வுக்கு 0.20 மில்லிமீற்றர், வெளிவால்வுக்கு 0.36 மில்லிமீற்றர். மூன்றாவது சிலிண்டரின் வெளிவால்வு இறுகிப்போயிருந்ததைத் தவிர வேறு குறை இல்லை. பம்ப் றூமில் இவ்வளவு வேலை செய்தவர்கள் இந்தத் தோலை ஏன் பார்க்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு ஆறாத மனக்குறை.

ஹற்றனிலிருந்து ஒருவர்:

வவுனியா நண்பர் எழுதியதைப் படித்த மாலையே என் வண்டியிலும் விரலால் மூடிப் பார்த்தேன். நெம்புகோல் நின்றது, நிம்மதி. என்னுடையதும் அதே பிஜே42தான், ஆனால் எனக்கு வாய்த்த துன்பங்கள் வேறு.

ஜப்பானுக்குள் விற்பதற்காகச் செய்யப்பட்ட இந்த வண்டிகள் 24 வோல்ற் மின்சாரத்தில் இயங்குபவை. 12 வோல்ற் பற்றரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டிருக்கும். என் வண்டியில் இரண்டாவது பற்றரி ஆண்டுதோறும் தவறாமல் செத்துக்கொண்டிருந்தது, முதலாவதில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. பற்றரிக் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் சார்ஜிங்கைக் குறை சொன்னார். கடைசியில் இருக்கைக்கு அடியில் கம்பிகளைத் தொடர்ந்து சென்று பார்த்தபோதுதான், முன்பு வைத்திருந்தவர் ரேடியோவுக்கும் பனிமூட்ட விளக்குகளுக்கும் ஒரே பற்றரியிலிருந்து 12 வோல்ற் எடுத்திருந்தது தெரிந்தது. இரண்டும் ஒரே பாதையில் சார்ஜ் ஏறுவதால், ஒன்றிலிருந்து மட்டும் தினமும் திருடினால் அது பட்டினி கிடக்கும், மற்றது அளவுக்கு மிஞ்சிக் கொதிக்கும். 24ஐ 12 ஆக்கும் கொன்வேட்டர் ஒன்றைப் போட்ட பிறகு அதே சோடிப் பற்றரி நான்காவது ஆண்டாக ஓடுகிறது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் வாங்கும்போதும் அதன் உடலில் பொறித்துள்ள வோல்ற் அளவைக் கழற்றிய பழையதோடு ஒப்பிடாமல் வாங்காதீர்கள். குளிர்காலக் காலையொன்றில் நான்கையும் ஒரே திறப்பில் எரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முன் அச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்சக்கரத்தின் உட்புறம் உருண்டையான பகுதியில் கறுப்புக் கஞ்சி வழிந்து ரயரின் உள்பக்கம் நனைந்திருந்தால், வெளியே தெரியும் கம்பளி வளையத்தை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பிவிடுவது இங்கே வழக்கம். அது போதாது. அச்சுக்குழாயின் உள்ளே இருக்கும் ஒயில் சீல் போனதனால்தான் டிஃபரன்ஷல் எனும் அச்சின் பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் வெளியே வந்து கிறீஸைக் கரைக்கிறது. உள்சீலை மாற்றாமல் வெளியே துடைத்தால் மூன்று மாதத்தில் கஞ்சி மறுபடி வரும். நான் கழற்றியபோது சக்கரம் திரும்பும்போதும் அச்சைச் சுழற்றும் வலப்பக்க மூட்டின் உருளைகள் ஓடும் பள்ளங்கள் தேய்ந்திருந்தன. நான்கு சக்கர இயக்கத்தில் ஸ்டியரிங்கை முழுதாக வளைத்தால் டக் டக் என்று கேட்டது அதனால்தான். வண்டி திருத்தும் என் பாஸ் புதியது வாங்கச் சொல்லவில்லை. இடப்பக்க மூட்டை வலத்திலும் வலப்பக்கத்ததை இடத்திலும் மாற்றிப் போட்டார். முன்னோக்கி ஓடும்போது சுமை தாங்கும் முகம் அப்போது மாறிவிடுகிறது. தேயாத பக்கம் வேலைக்கு வருகிறது. சத்தம் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

இன்னுமொன்று: தோட்டத்துச் சேற்றிலிருந்து தார் வீதிக்கு ஏறியதும் நான்கு சக்கர இயக்கத்தை விலக்கிவிடுங்கள். இந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வேகத்தைப் பங்கிடும் டிஃபரன்ஷல் கிடையாது. காய்ந்த தாரில் வளைவெடுத்தால் முறுக்கேறி, லீவர் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். அப்போது லீவரை அடித்து உடைக்காமல், சற்றுப் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு அவிழும்.

மன்னாரிலிருந்து ஒருவர்:

சுருக்கமாக என்னுடையதையும் சேர்க்கிறேன். 2022இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், கிடைத்ததைப் பழைய பீப்பாயில் சேமித்தேன். எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் அட்டை வந்த பிறகும் அந்தப் பீப்பாயை வீணாக்க மனமில்லாமல் ஊற்றினேன், நடுவழியில் நின்றது. வடிகட்டியின் அடித்திருகைத் திறந்தபோது முதலில் வந்தது தண்ணீர். கைப்பம்பை அடித்து, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றி, பின்னர் நொசில் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எஞ்சினைச் சுற்றவைத்துத்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

பெரிய பயம் தந்தது வேறு. பிறேக்குக்கான உறிஞ்சலைத் தரும் சிறு பம்ப், பற்றரிக்குச் சார்ஜ் தரும் ஒல்ரனேற்றரின் முதுகில்தான் இருக்கிறது. அதற்கு எஞ்சின் எண்ணெயே மசகு. அதற்குப் போகும் எண்ணெய்க் குழாய் வெடித்தால் சில நிமிடங்களில் எஞ்சின் எண்ணெய் முழுவதும் வீதியில் கிடக்கும். எனக்கு வெடித்தபோது எண்ணெய் விளக்கு எரிந்ததை உடனே பார்த்தேன் என்பதால் எஞ்சின் தப்பியது. முழங்கையளவு கூட இல்லாத அந்தக் குழாயை இப்போது மூன்று ஆண்டுக்கொரு முறை, நல்லதாக இருந்தாலும், மாற்றிவிடுகிறேன்.

வவுனியாக்காரர் மறுபடி:

மன்னார் அண்ணைக்கு நன்றி. என் குழாயைத் தடவிப் பார்த்தேன், விரலில் எண்ணெய் ஒட்டியது. நாளை மாற்றுகிறேன்.

பாகங்கள் எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்பதால் ஒன்று சொல்ல வேண்டும். ஜீப்புக்கு என்று கேட்டால் கடையில் விலையே வேறு. இதே 3பி எஞ்சின் டைனா லொறிகளிலும் கோஸ்ரர் பஸ்களிலும் வந்திருக்கிறது. பிஸ்டன், ஹெட் காஸ்கட், வாட்டர் பம்ப் போன்றவற்றை லொறிக்கு என்று கேட்டு, பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குகிறேன். எஞ்சினுக்கு வெளியே பொருந்தும் தாங்கிகளும் அடிச்சட்டியும் மட்டும் வண்டிக்கு வண்டி வேறுபடலாம் என்பதால், அவற்றைக் கண்ணால் பார்க்காமல் தொலைபேசியில் சொல்லி எடுப்பதில்லை. 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பிறகு வீட்டில் ஒரு புது வாகனப் பேச்சு எழுந்தது உண்மை. அந்த வார இறுதியில் நான் இடது முன்சக்கரத்தைக் கழற்றி, ஹற்றன் நண்பர் சொன்ன உள்சீலைத் தேடிக்கொண்டிருந்தேன். கறுப்புக் கஞ்சி முழங்கை வரை இருந்ததால் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள முடியவில்லை.