வாலில் இருந்த அந்த சைபர்

பழைய படத்தில் இருக்கும் விமானம் எது என்று தேடிய கதையை எல்லோரும் சொல்கிறீர்கள். என் பங்குக்கு ஒரு சி-130, அமெரிக்க ராணுவச் சரக்கு விமானம்.

பழைய புகைப்படக் கட்டு ஒன்றில் கிடைத்த படம். தேதி இல்லை, பின்பக்கம் ஒரு எழுத்துகூட இல்லை. வாலில் ஒரு 0, சிறு கோடு, பிறகு 6-இல் தொடங்கும் ஐந்து இலக்கங்கள். அமெரிக்க விமானப்படை எண்ணில் முதலில் வருவது நிதியாண்டு என்பது தெரியும். அதனால் அந்த 0-வை 1960-இன் கடைசி இலக்கமாக எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டுப் பட்டியல்களில் தேடினேன். இரண்டு மாதம் போனது, பொருந்துகிற விமானம் ஒன்றுகூட இல்லை.

அப்புறம்தான் புரிந்தது, அந்த 0 எண்ணில் சேர்ந்ததே அல்ல. பத்து வயது தாண்டிய விமானங்களுக்கு அந்தக் காலத்தில் முன்னால் சேர்த்த குறி அது. சரி, அதை எடுத்துவிட்டால் 6 நிற்கிறது. வாலில் எழுதும்போது ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்களில் முதலாவதை விட்டுவிடுவார்கள். 53-3129 என்ற விமானத்தின் வாலில் 33129 என்றுதான் இருக்கும். அப்படியானால் என்னுடையது 1956-ஆ, 1966-ஆ?

விடை படத்திலேயே இருந்தது. ஒவ்வொரு புரொப்பல்லரிலும் மூன்றே பிளேடுகள். முதல் ரகமான சி-130ஏ அப்படித்தான் வந்தது, அடுத்த பி ரகத்திலிருந்து நான்கு. ஆக 1956. பத்து வயதுக் குறியும் இருப்பதால் படம் 1960-களின் பிற்பாதியிலோ அதற்குப் பிறகோ எடுத்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

டெலிவரி தேதி தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நிதியாண்டு என்பது பணம் ஒதுக்கிய ஆண்டு, விமானம் கட்டிய ஆண்டு அல்ல. மேலே சொன்ன 53-3129-தான் சி-130-இன் முதல் உற்பத்தி விமானம், அதைக் கட்டிய லாக்ஹீட் நிறுவனத்தின் தயாரிப்பு எண் 3001. அது முதலில் பறந்தது 1955 ஏப்ரல் 7. ஓக்லஹோமாவின் ஆர்ட்மோர் விமானப்படைத் தளத்துப் படைப்பிரிவுக்கு சி-130கள் வரத் தொடங்கியதோ 1956 டிசம்பரில். போதாக்குறைக்கு, தொழிற்சாலையில் விமானப்படை ஏற்றுக்கொண்ட நாள் வேறு, பிரிவிடம் போய்ச் சேர்ந்த நாள் வேறு. ஒரு பட்டியல் முதலாவதை எழுதும், இன்னொன்று இரண்டாவதை. இரண்டுமே சரியாக இருக்கலாம். நான் அலபாமாவின் மாக்ஸ்வெல் தளத்து வரலாற்றுக் காப்பகத்தில் உள்ள விமானப் பதிவு அட்டைகளையே நம்புகிறேன். தயாரிப்பு எண்ணையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். வண்ணம் மாறலாம், நாடே மாறலாம், அந்த எண் மாறாது.

படத்தின் பின்பக்கத்தில் இப்போது முழு எண்ணையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.