சோறும் வைக்கோலும் ஒரே குளுக்கோஸ் என்றால், ஒன்று மட்டும் ஏன் நமக்குச் செரிக்கிறது?

கேள்வி: மேல்நிலை_மாணவி

வணக்கம். பதினொன்றாம் வகுப்பு உயிரியலில் உயிர்மூலக்கூறுகள் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாவுச்சத்து, செல்லுலோஸ் ஆகிய இரண்டுமே குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்து உருவான பலபடிகள் என்றும், முன்னதில் ஆல்ஃபா பிணைப்பும் பின்னதில் பீட்டா பிணைப்பும் உள்ளன என்றும் படித்தேன். தேர்வுக்கு இது போதும். ஆனால் ஒரு பிணைப்பின் திசை மாறிய காரணத்தால் மட்டும் நெல்லின் மணி நமக்கு உணவாகவும், அதே பயிரின் தாள் செரிக்காத பொருளாகவும் எப்படி ஆகின்றன என்பது விளங்கவில்லை. பீட்டா பிணைப்பு அவ்வளவு வலிமையானதா? அப்படியென்றால் மாடு மட்டும் அதை எப்படி உடைக்கிறது?

பதில்: உயிர்வேதி_ஆசிரியர்

விடையைப் பிணைப்பின் வலிமையில் தேட வேண்டாம், வடிவத்தில் தேடுங்கள். இரண்டுமே கிளைகோசைடு பிணைப்புகள்தாம். இரண்டுமே ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்தால் பிளவுபடுபவை. குளுக்கோஸ் வளையத்தின் முதல் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி, பாடநூல் படத்தில் கீழ்நோக்கி இருந்தால் ஆல்ஃபா, மேல்நோக்கி இருந்தால் பீட்டா. தண்ணீரில் கரைந்திருக்கும் தனிக் குளுக்கோஸ் இவ்விரு வடிவங்களுக்கும் இடையே மாறிக்கொண்டேயிருக்கும். சமநிலையில் ஏறத்தாழ 36 விழுக்காடு ஆல்ஃபாவாகவும் 64 விழுக்காடு பீட்டாவாகவும் காணப்படும். அடுத்த குளுக்கோஸின் நான்காம் கார்பனோடு பிணைந்துவிட்டால் அந்த மாற்றம் நின்றுபோகிறது.

ஆல்ஃபா பிணைப்புகளால் ஆன தொடர் இயல்பாகவே வளைந்து சுருளாகிறது. ஆய்வகத்தில் மாவுச்சத்தின் மீது அயோடின் விட்டதும் தோன்றும் கருநீல நிறம், அயோடின் அந்தச் சுருளுக்குள் புகுவதால் உண்டாவது. பீட்டா பிணைப்பில் ஒவ்வொரு குளுக்கோஸும் தனக்கு முந்தையதிலிருந்து 180 டிகிரி திரும்பி அமைவதால், தொடர் வளையாமல் நேரான நாடாவாக நீள்கிறது. இத்தகைய நாடாக்கள் அருகருகே படுத்து, எண்ணற்ற ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நீர்கூட எளிதில் நுழைய முடியாத நுண்ணிழைகளாகின்றன.

நமது உமிழ்நீரிலும் கணைய நீரிலும் உள்ள, மாவுச்சத்தை வெட்டும் அமைலேஸ் நொதிக்கு முன்னால் இருப்பது குளுக்கோஸா இல்லையா என்பது ஒரு பொருட்டே அல்ல. அதன் செயல்மையம் ஆல்ஃபா தொடரின் வளைவுக்கு ஏற்ற பள்ளம். அரிவாளுக்குச் செய்த உறையில் நேரான வாள் இறங்காது. பீட்டா தொடரை வெட்டும் செல்லுலேஸ் நொதிக்கான மரபணு மனிதரிடம் இல்லை.

பதில்: தொழுவம்

மாட்டைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். வைக்கோலின் செல்லுலோஸை மாடு உடைப்பதில்லை. அதன் முதல் இரைப்பையான ருமெனில் வாழும் பாக்டீரியாக்கள், பூஞ்சைகள், புரோட்டோசோவாக்கள் ஆகியவையே செல்லுலேஸைச் சுரந்து அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றுக்குக் காற்றில்லாத வெதுவெதுப்பான இடமும், அசைபோட்டு நன்றாக அரைத்த தீவனமும் கிடைக்கின்றன. கிடைக்கும் குளுக்கோஸை அந்த நுண்ணுயிர்கள் தாமே நொதிக்கச் செய்துவிடுவதால், மாட்டுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் சர்க்கரை அன்று. அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்ரிக் அமிலங்கள்தாம். மாட்டின் ஆற்றல் தேவையில் பெரும்பங்கு இவற்றிலிருந்தே கிடைக்கிறது.

மாட்டுக்கே கூட நெல் வைக்கோல் சிறந்த தீவனம் அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செல்லுலோஸைச் சூழ்ந்திருக்கும் லிக்னின் என்ற கடினமான மரப்பொருளும், நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சித் தாளில் சேர்த்துவைக்கும் சிலிக்காவும் நுண்ணுயிர்களைத் தடுக்கின்றன. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா என்ற அளவில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைப்பது இதற்காகத்தான். யூரியாவிலிருந்து வெளிப்படும் அம்மோனியா லிக்னின் பிடியைத் தளர்த்துகிறது.

பதில்: செல்சுவர்

முதல் பதிலில் ஒரு திருத்தம் தேவை. மனிதருக்குச் செல்லுலேஸ் மரபணு இல்லை என்பது சரி. ஆயினும் நாம் உண்ணும் நாரில் ஒரு பகுதியை நமது பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து, மேலே சொன்ன அதே அமிலங்களைச் சிறிதளவு தருகின்றன. விலங்குகளிலும் விதிவிலக்கு உண்டு: சில கறையான் இனங்கள் செல்லுலேஸைத் தாமே உருவாக்குகின்றன.

தாவரம் ஒரே குளுக்கோஸை ஏன் இரு விதமாகக் கோக்கிறது என்றும் கேட்டுப் பாருங்கள். சேமிப்புக்குக் குளுக்கோஸைத் தனித்தனியாகச் செல்லுக்குள் குவித்தால், சவ்வூடு பரவலால் நீர் உள்ளே பாயும். ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை ஒரே பலபடியாக்கிக் கரையாத மணியாக வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. தேவைப்படும்போது விரைவாக எடுக்கவும் வேண்டும் என்பதால், மாவுச்சத்தின் பெரும்பகுதியான அமைலோபெக்டினில் ஏறத்தாழ 24 முதல் 30 குளுக்கோஸுக்கு ஒரு கிளை உள்ளது. கிளை பெருகினால் நொதி வெட்டக்கூடிய முனைகளும் பெருகும். நமது கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்படும் குளுக்கோஸ் பலபடியான கிளைகோஜனில் கிளைகள் இன்னும் நெருக்கம். செல்சுவருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது: கிளையற்ற, இழுவிசை தாங்கும் இழை. ஆகவே மாவுச்சத்து, செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகம் போன்ற கணிகங்களுக்குள் உருவாகிறது. செல்லுலோஸோ செல்சவ்வில் பதிந்துள்ள நொதித் தொகுதிகளால் நெய்யப்பட்டு நேராக வெளிப்புறம் தள்ளப்படுகிறது.

மறுமொழி: மேல்நிலை_மாணவி

மிக்க நன்றி. ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது என்று ஓரிடத்தில் படித்தேன். ஆறும்போது ஆல்ஃபா பிணைப்பு பீட்டாவாக மாறிவிடுகிறதா?

பதில்: உயிர்வேதி_ஆசிரியர்

மாறுவதில்லை, பிணைப்பு ஆல்ஃபாவாகவே இருக்கிறது. அரிசி வேகும்போது, சுமார் 60 முதல் 80 டிகிரிக்குள், மாவுச்சத்து மணிகள் நீரை ஏற்று உப்பி, அவற்றின் தொடர்கள் பிரிந்து நிற்பதால் அமைலேஸ் எளிதில் எட்டிவிடும். ஆறும்போது, கிளையில்லாத அமைலோஸ் தொடர்கள் மீண்டும் ஒன்றோடொன்று இணைந்து படிகம்போல் இறுகுகின்றன. அந்தப் பகுதியில் வெட்டத்தக்க பிணைப்பு இருந்தும் நொதியால் அதை நெருங்க முடிவதில்லை. அமைலோஸ் மிகுந்த அரிசியில் இது கூடுதலாக நிகழும். அப்படி இறுகிய அமைலோஸ் கொதிநீரின் வெப்பத்திலும் முழுமையாக இளகாது என்பதால், ஆறிய சோற்றை மறுபடி சூடாக்கினாலும் அதில் ஒரு பங்கு அப்படியே பெருங்குடலைச் சென்றடையும்.