வில்லை (லென்ஸ்) கணக்கில் மாட்டிக்கொண்டேன், யாராவது கைகொடுங்கள்

அண்ணாமார், அக்காமார், வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்துவிட்டு இப்போது பௌதிகவியல் அறிமுகப் பாடம் எடுத்திருக்கிறேன். நுண்கணிதம் வேண்டாம், அட்சரகணிதம் போதும் என்றார்கள்; நம்பிவிட்டேன்.

மின்னோட்டம் வரை சரி: 230 வோல்ட்டில் 1150 வாட் கேத்தல் 5 அம்பியர் இழுக்கும். காந்தப்புலத்தையும் வலக்கையை வைத்துச் சமாளித்தேன். வில்லையில்தான் சிக்கல். குவியத்தூரம் (வில்லையிலிருந்து, சமாந்தரக் கதிர்கள் குவியும் புள்ளிக்குள்ள தூரம்) 10 சென்ரிமீற்றர், பொருள் வில்லையிலிருந்து 15இல் என்றால் விம்பம் மறுபக்கம் 30இல் விழும். தாத்தாவின் வாசிப்புக் கண்ணாடியால் ஜன்னலைச் சுவரில் தலைகீழாக விழுத்தியும் பார்த்தேன். ஆனால் இந்தத் தூரங்களை இணைக்கும் சூத்திரம் ஒரு புத்தகத்தில் கூட்டல், இன்னொன்றில் கழித்தல்! குறியை எப்படிப் போடுவது?

தமிழ் டியூட் (வகுப்புக் குறிப்புத்தாள்) இருந்தால் படமெடுத்துப் போடுங்கள். வீடியோ வேண்டாம், இங்கே சுற்றிக்கொண்டே நிற்கும். பரீட்சை அடுத்த மாதம்.