அப்பாவின் கிளினிக்கைக் காலி செய்கிறோம்: 11 பல்செட்டை என்ன செய்வது?

அம்பை இளையவள்:

பல் வைத்தியம் தெரிந்தவர்களும் அம்பை என்கிற அம்பாசமுத்திரம் பக்கத்து ஆட்களும் இங்கே இருப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 1979-லிருந்து அம்பையில் பல் டாக்டர். போன புரட்டாசியில் காலமாகிவிட்டார். கிளினிக் வாடகைக் கட்டடம். கட்டடத்துக்காரர் நல்ல மனிதர்தான், ஆனாலும் தை முடிவதற்குள் சாவியைக் கேட்கிறார். நான் கோவையில் வங்கி வேலை, அக்கா தென்காசியில் டீச்சர். அப்பா தொழிலுக்கு இரண்டு பேருமே வரவில்லை. இத்தனை வருஷத்துச் சாமானை மூன்று சனி ஞாயிறுக்குள் ஒழிக்க வேண்டும்.

பாதி வேலை முடிந்தது. மீதியில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறோம். காலால் மிதித்து உயர்த்தும் பழைய நாற்காலி ஒன்று. சுவரோடு பிடித்த எக்ஸ்ரே மிஷின், பத்து வருஷமாக ஓடவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பாட்டில் பாதரசம். கையில் எடுத்தால் இரும்புக் குண்டு மாதிரி கனக்கிறது. மூன்று அலமாரி நிறைய பிளாஸ்டர் மாவில் வார்த்த பல் அச்சுகள். கடைசியாக, யாரும் வாங்கிப் போகாத 11 பல்செட்.

பல்செட்தான் பிரச்சினை. அப்பா ஆரம்பத்தில் எல்லாவற்றையும் தானே செய்தார். பின்கட்டில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். மெழுகில் பல்லைப் பதித்து, அதைப் பித்தளைக் குடுவைக்குள் மாவோடு இறுக்கி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு ரோஸ் கலர் பிசினை அடைத்து, வெந்நீரில் மணிக்கணக்காக வேகவைப்பார். பிசினில் கலக்கும் திரவத்தின் நெடி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே வரும். அதே ஸ்டவ்வில்தான் சாயங்காலம் சுக்குக் காப்பியும். பிற்பாடு திருநெல்வேலி லேபுக்கு பஸ்ஸில் பார்சல் போட ஆரம்பித்தார்.

ஒரு முழு செட்டுக்கு நாலைந்து தடவை வர வேண்டும். அச்சு எடுக்க, கடிக்கும் அளவு பார்க்க, மெழுகில் போட்டுப் பார்க்க, கடைசியில் வாங்கிப் போக. முதல் தடவையே பாதிப் பணம் வாங்கிவிடுவார். இந்தப் 11 பேரும் பாதிப் பணம் கொடுத்து மெழுகு வரை வந்துவிட்டு அப்புறம் வரவே இல்லை. ஒவ்வொரு டப்பாவிலும் அப்பா கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. பெயர் கிடையாது. 'முக்கூடல், பீடிக்கடை ஆச்சி'. 'கல்லிடை, அப்பளம்'. 'வீரவநல்லூர், தறி, காது கேட்காது'. 'மன்னார்கோவில் ஹெட்மாஸ்டர்'. 'ஊத்து, கொழுந்து, காலையில் மட்டும்'. இவை எல்லாம் 1988-க்கும் 2011-க்கும் இடைப்பட்டவை.

நானும் அக்காவும் தூரப் போடலாம் என்றோம். அம்மா ஒரே பிடியாக நிற்கிறாள். "அவங்க துட்டு குடுத்திருக்காங்க. நாமதான் கடன்பட்டிருக்கோம். சொல்லி அனுப்பாமப் போடக் கூடாது." 

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கு முப்பது வயதிலேயே மூட்டுவாதம் வந்து விரல்கள் கோணிவிட்டன. எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அவள் தலையைப் பின்னிவிடுவது அப்பாதான். காலையில் ஆறரைக்குத் திண்ணையில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, பின்னி, பிச்சிப்பூ வைத்து விடுவார். அவளுக்கு முடித்துவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் ரெட்டைச் சடை. எங்கள் வகுப்பில் அவ்வளவு நேர் வகிடு வேறு யாருக்கும் இருந்ததில்லை. "ஏட்டி, ஒங்கப்பா பல்லு புடுங்குத கையாலயா பின்னுதாரு?" என்று கேட்பார்கள். எட்டரைக்குக் கிளினிக். மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து அம்மாவுக்குச் சோறு பிசைந்து வைத்துவிட்டுத்தான் அவர் சாப்பிடுவார். இதையெல்லாம் யாரும் தியாகம் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "வாய்க்குள்ள வேலை செய்யுத ஆளுக்குச் சடை பின்னுதது லேசு. வெளிச்சம் நல்லாக் கெடைக்கும்" என்பார்.

ஆகவே அம்மா பேச்சைத் தட்ட முடியவில்லை. பல்செட்டை என்ன செய்வது? வேறு யாருக்காவது உதவுமா? அவர்கள் ஏன் வாங்க வரவில்லை? பாதரசத்தையும் எக்ஸ்ரே மிஷினையும் எங்கே கொடுப்பது?

பழைய இரும்பு:

சவத்தைத் தூக்கி எடைக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்க தங்கச்சி. நாற்காலிக்கு மட்டும் நல்ல விலை கிடைக்கும், பழசு என்றால் கனம் ஜாஸ்தி. எக்ஸ்ரே மிஷினுக்குள்ளே செம்பு இருக்கும். பாதரசத்தைச் சாக்கடையில் ஊற்றி ரெண்டு குடம் தண்ணி விட்டால் போச்சு.

பாளை பல் வைத்தியர்:

மேலே சொன்ன அண்ணாச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது. பாதரசத்தைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது. அம்பைச் சாக்கடை நதியுண்ணிக் காலுக்குப் போகும், வயலுக்குப் போகும், ஆற்றுக்குப் போகும். தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனம் என்பதால் எத்தனை குடம் விட்டாலும் அடித்துக்கொண்டு போகாது, அடியில் தங்கும். மீன் வழியாக நம் வயிற்றுக்கே திரும்பி வரும்.

அம்மா, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பாட்டிலைத் திறக்காதீர்கள். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, உடையாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நிறுத்தி, சுற்றிலும் துணி அடைத்து வையுங்கள். சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும், அதனால் அடுப்பங்கரைப் பக்கம் வேண்டாம். தப்பித் தவறிக் கொட்டிவிட்டால் துடைப்பத்தால் கூட்டக் கூடாது, சிதறி நூறு உருண்டையாகிவிடும். ஜன்னலைத் திறந்துவிட்டு, இரண்டு அட்டையால் ஒன்றுசேர்த்து எடுங்கள். அதற்கு முன்பு கையில் இருக்கிற தங்கத்தைக் கழற்றிவிடுங்கள். பாதரசம் பட்ட தங்கம் வெளுத்துப் போகும். பக்கத்தில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விசாரித்தால், ஆபத்தான கழிவுகளை எடுக்க உரிமம் உள்ளவர்கள் யார் என்று சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் பல் அடைக்க வெள்ளித் தூளையும் பாதரசத்தையும் கல்வத்தில் அரைத்து, மிச்சப் பாதரசத்தைச் சல்லாத் துணியில் முறுக்கிப் பிழிந்து எடுப்போம். வெறுங்கையால்தான். நானும் செய்திருக்கிறேன்.

எக்ஸ்ரே மிஷினைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அதில் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது. கரண்ட் இல்லாவிட்டால் கதிரும் இல்லை. ஆனாலும் அதை அப்படியே எடைக்குப் போட முடியாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இணையதளத்தில், இந்த மிஷின் பயன்பாட்டிலிருந்து நீக்கப்படுகிறது என்று பதிய வேண்டும். மிஷினை விற்ற கம்பெனி இன்னும் இருந்தால் அவர்களைக் கூப்பிடுங்கள், பாதி வேலையை அவர்களே முடித்துவிடுவார்கள். ஈயம் வைத்த ஏப்ரன் இருந்தால் அதையும் குப்பையில் போடாதீர்கள்.

பல்செட் இன்னொருவருக்கு உதவாது. செருப்பு மாதிரி இல்லை அது. ஒருவர் ஈறுக்கு வார்த்தது அடுத்தவர் வாயில் நிற்காது. இன்னும் கேட்டால், இத்தனை வருஷத்துக்கு அப்புறம் உரியவருக்கே சேராது. பல் போன தாடை எலும்பு வருஷா வருஷம் கரைந்துகொண்டே வரும். மாவு அச்சுகளில் விசித்திரமான வாய் ஏதாவது இருந்தால் கல்லூரிக்குக் கொடுங்கள், பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு ஆகும்.

உங்கள் அப்பாவை எனக்குத் தெரியாது. ஆனால் சீட்டில் 'காது கேட்காது' என்று எழுதிவைத்தவர் நல்ல டாக்டராகத்தான் இருந்திருப்பார்.

கடையத்துக்காரன்:

எனக்குத் தெரியும். கிளினிக் வாசலில் வேப்பமரம், உள்ளே நாள் கிழிக்கும் காலண்டர், அதுதானே?

எங்கள் ஆச்சிக்கு மேல் கடைவாய்ப் பல் சொத்தை. ஒரு வாரமாகக் கிராம்பை வைத்துக்கொண்டு அழுகிறாள், ஆனால் பிடுங்க மாட்டாளாம். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் அவிந்துவிடும் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள் இல்லையா? ஒருவழியாக இழுத்துக்கொண்டு வந்தோம். டாக்டர் அவளோடு வாதாடவே இல்லை. காலண்டரைக் காட்டி, "ஆச்சி, இன்னைக்கு என்ன தேதி?" என்றார். ஆச்சி வாசித்தாள். ஊசி போட்டு, பல்லை எடுத்து, பஞ்சைக் கடிக்க வைத்துவிட்டு, "இப்ப வாசிங்க" என்றார். வாயில் பஞ்சோடு ஆச்சி தேதி, கிழமை, ராகுகாலம், எமகண்டம், கீழே இருந்த ஜவுளிக்கடை விளம்பரம் வரை வாசித்துத் தீர்த்தாள். "பேசாதீங்க ஆச்சி, ரத்தம் வரும்" என்று அவர்தான் கெஞ்ச வேண்டியதாயிற்று.

இன்னொன்று. கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்களுக்குப் பல் பிடுங்க மாட்டார். "ராத்திரி ரத்தம் நிக்கலன்னா ஊர்ல யார் இருக்கா? மருந்து சாப்பிட்டுட்டு நாளைக் காலைல வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் அப்பாவுக்கு அதில் பயங்கரக் கோபம், ஒரு நாள் கூலி போச்சு என்று. அந்தக் கோபமும் நியாயம்தான்.

ஏன் வாங்க வரவில்லை என்று கேட்டீர்கள். நான் பார்த்தவரை சொல்கிறேன். பாதிப் பணம் அறுப்பு முடிந்த கையோடு கொடுத்திருப்பார்கள். மீதிப் பாதி அடுத்த அறுப்புக்குத்தான் வரும். அதற்குள் ஒரு கல்யாணமோ சீக்கோ வந்துவிடும். அப்புறம் வெறுங்கையோடு டாக்டர் முகத்தில் முழிக்க வெட்கம். டாக்டர் 'சும்மா கொண்டு போங்க' என்று சொல்லிவிடுவாரோ என்று அதற்கும் ஒரு வெட்கம்.

நாலுமுக்கு:

'ஊத்து, கொழுந்து, காலையில் மட்டும்' என்பதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன், ஊத்து அதில் ஒரு பகுதி. அம்மா கொழுந்து பறித்தாள். ஊத்திலிருந்து அம்பைக்கு பஸ்ஸில் இறங்கவே பல மணி நேரம் ஆகும், போக்குவரத்தும் ஒன்றிரண்டு பஸ்தான். அதனால்தான் 'காலையில் மட்டும்' என்று எழுதியிருப்பார். மத்தியான பஸ்ஸை விட்டால் அன்று மலைக்குத் திரும்புவது பெரும்பாடு.

எஸ்டேட் 2024-ல் மூடிவிட்டது. லைன் வீடுகளில் இருந்தவர்கள் மணிமுத்தாறு, வி.கே.புரம் என்று சிதறிவிட்டார்கள், பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போனவர்களும் உண்டு. எங்களுக்குள் ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், ஆண் செட்டா பெண் செட்டா, எந்த வருஷம் என்பதையும் எழுதுங்கள். ஊத்துக்காரர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். அந்தப் பல்லைப் போட முடியாவிட்டாலும் பரவாயில்லை.

அம்பை இளையவள்:

எல்லாருக்கும் நன்றி. பழைய இரும்பு அண்ணாச்சி, நாற்காலியை உங்கள் யோசனைப்படி விற்றுவிட்டோம். பாதரச யோசனையை மட்டும் விட்டுவிட்டேன். பாளை டாக்டர் சொன்னபடி பாட்டில் ஹார்லிக்ஸ் டப்பாவுக்குள் துணி அடைத்து நிற்கிறது. அப்பா ஏன் கிளினிக்கில் கல்யாண மோதிரத்தைப் போடுவதில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது. சட்டைப் பையில் ஒரு துணி முடிச்சில் இருக்கும். வீட்டுப்படி ஏறும்போது மாட்டிக்கொள்வார். பல்லைத் தட்டிவிடும் என்பதற்காகக் கழற்றுகிறார் என்று நினைத்திருந்தேன்.

கடையத்துக்காரர் சொன்ன காலண்டர் ஆணி இன்னும் சுவரில் இருக்கிறது.

அம்மா சொன்னபடி ஆளனுப்பினோம். 11-ல் ஐந்து இடத்துக்குத்தான் தடம் கிடைத்தது. முக்கூடல் ஆச்சி காலமாகி வெகு நாளாகிறது, வீட்டாருக்குப் பல்செட் விஷயமே தெரியவில்லை. மன்னார்கோவில் ஹெட்மாஸ்டர் 90 வயதில் இருக்கிறார். "அதுக்கு அப்புறம் வேற இடத்துல கட்டிட்டேன், டாக்டர்கிட்டச் சொல்லிராதீங்க" என்று சிரித்தாராம். கல்லிடைக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். இன்னொரு வீடு பூட்டிக் கிடக்கிறது.

வீரவநல்லூரிலிருந்து மகன் நேரிலேயே வந்தார். தறிக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. டப்பாவைத் திறந்து பார்த்தார், மூடினார், மஞ்சப்பைக்குள் வைத்தார். "மீதி எவ்வளவு?" என்றார். நோட்டில் 150 என்று இருந்தது. அம்மா வாங்க மாட்டேன் என்றாள். அவர் மேசைமேல் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நோட்டை எடுத்து வரவு எழுதச் சொன்னாள். எழுதினேன்.

நாலுமுக்கு அண்ணன், சீட்டுப் படத்தைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். பெண் செட், மேல் மட்டும், 1996.

பாளை டாக்டரிடம் இன்னும் ஒரு சந்தேகம். அந்த வாரிய இணையதளத்தில் மிஷினின் வரிசை எண் கேட்கிறது. தகடு துருவில் அழிந்துவிட்டது. வாங்கிய பில்லும் கிடைக்கவில்லை. உள்ளே வேறு எங்காவது எண் அடித்திருப்பார்களா? தை முடிய இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.