மறு: மறு: மறு: கூடையல்லாத கூடைக்கு ஒரு சொல்

சென்னையிலிருந்து, செவ்வாய் காலை

குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளி மாலைக்குள் ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை கொடுத்தாக வேண்டும். ஜப்பானில் இன்று மூங்கிலால் செய்யும் கலைப்பொருள்கள், அவற்றை வாங்கிக் குவித்த அமெரிக்கர்கள், இதுதான் விஷயம். பன்னிரண்டு படங்கள், பன்னிரண்டு படக்குறிப்புகள். முதல் குறிப்பிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பொருள் இப்படி இருக்கிறது: மூங்கிலை மெல்லிய பிளாச்சாகச் சீவிக் கையால் பின்னியது. வாய் கிடையாது, பிடி கிடையாது, உள்ளே ஒன்றும் வைக்க முடியாது. ஒரு நத்தைக்கூடோ சுழல்காற்றோ அப்படியே உறைந்த மாதிரி. மூலத்தில் 'நெய்த மூங்கில் சிற்பம்' என்ற பொருளில் இருக்கிறது. அப்படியே எழுதினால் தறி எங்கே என்று கேட்பீர்கள். என்ன சொல்லலாம்?

கூடவே இன்னொன்று. வாங்கிச் சேர்ப்பவர் சேகரிப்பாளரா, தொகுப்பாளரா?

ஒசாகாவிலிருந்து, செவ்வாய் மதியம்

அக்கா, தறிக் கேள்வி சரியான கேள்வி. ஜப்பானியரும் அதைப் பிரித்துத்தான் சொல்கிறார்கள். துணி நெய்வது 'ஒரு'. கூடை பின்னுவதும் கம்பளிச்சட்டை பின்னுவதும் 'அமு'. மூங்கிலுக்கு எப்போதும் இரண்டாவதுதான். ஆகவே 'நெய்த' வேண்டாம்.

மொத்தக் கலைக்கும் இங்கே 'தாகெ கோகெய்' என்று பெயர். தாகெ மூங்கில், கோகெய் கைவினை. ஆனால் நீங்கள் சொல்கிற வாயில்லாத பொருளுக்கு இளைஞர்கள் 'பாம்பூ ஆர்ட்' என்று ஆங்கிலத்தையே தங்கள் உச்சரிப்பில் சொல்லிவிடுகிறார்கள். சொல் தேடித் தவிப்பது நாம் மட்டும் இல்லை.

பின்னல் வகைகளில் ஒரு நல்ல செய்தி. ஆறுபக்க ஓட்டை விழும் பின்னலுக்கு 'முத்ஸுமெ' என்று பெயர், நாலுபக்கத்துக்கு 'யொத்ஸுமெ'. கடைசியில் வரும் 'மெ' கண். நாம் வலைக்கண் என்கிறோமே, அதே கண். ஆறுகண் பின்னல், நாலுகண் பின்னல் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

நெல்லையிலிருந்து, செவ்வாய் மாலை

கூடை என்று எழுதிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள் தங்கச்சி. கூடையில் ஒன்றும் வைக்காவிட்டால் அது காலிக்கூடை, அவ்வளவுதான். எங்கள் தெருவில் முறமும் தட்டும் முடைகிற கிழவி ஒருத்தி இருந்தாள். பிளாச்சு சீவுகிற வேகத்தில் விரல் தெரியாது. அவள் செய்தது கூடை, ஜப்பான்காரன் செய்தால் சிற்பமா?

கோவையிலிருந்து, செவ்வாய் இரவு

பெருமதிப்புக்குரிய அன்பர்களே,

மூங்கிலுக்குத் தமிழில் வேய், கழை, அமை, பணை, முளை என்று எத்தனை பெயர்கள்! அவற்றுள் 'வேய்' ஒன்றே இங்கே பொருந்தும். ஏனெனில் வேய் பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். கூரை வேய்கிறோம், பூ வேய்கிறோம். மூங்கிலைப் பின்னி மூடியதிலிருந்தே வேய்தல் பிறந்தது என்பது என் துணிபு. முடி வேய்ந்தோன் வேந்தன் ஆனான் என்பாரும் உளர். ஆக மூங்கிலிலிருந்து அரசன் வரை ஒரே வேர். 'வேய்வுரு' என்று ஆளலாம். 'சிற்பம்' வடசொல், அது நமக்கு வேண்டாம்.

மதுரையிலிருந்து, புதன் காலை

ஐயா, வேய் என்றால் ஒற்றாடலும்தான். ஆநிரை கவரப் போகிறவர்கள் முதலில் வேய் பார்ப்பார்கள், வெட்சியில் அது ஒரு துறை. 'வேய்வுரு' என்று படத்துக்கு அடியில் போட்டால் உளவாளியின் உருவம் என்று நினைப்பேன். புணர்ச்சியும் தகராறு. வேய்க்குழல், வேய்ங்குழல் இரண்டுக்கும் நன்னூல் இடம் தருகிறது. அதனால் வேய்ச்சிற்பமா வேய்ஞ்சிற்பமா என்று அடுத்த வாரமும் இங்கேயே உட்கார்ந்திருப்போம்.

ஆனால் 'சிற்பம்' வேண்டாம் என்பதற்கு வடசொல் என்பதைவிடப் பலமான காரணம் ஒன்று இருக்கிறது. திவாகர நிகண்டு சிற்பத்துக்கு உரிய பொருள்கள் பத்து என்று எண்ணித் தருகிறது. கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை, தந்தம், வண்ணம், கண்டசருக்கரை, மெழுகு. சருக்கரைக்கு இடம் இருக்கிறது, மூங்கிலுக்கு இல்லை. மரத்தில் அடக்கலாமே என்றால் தொல்காப்பியர் விடமாட்டார். மரபியலில் புறக்காழன புல், அகக்காழன மரம். வெளியே வைரம் பாய்ந்த மூங்கில் புல்.

ஒசாகாவிலிருந்து, புதன் மதியம்

புறக்காழ்! மதுரை சார், இந்தக் கலையின் மொத்த ரகசியமும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. மூங்கிலின் வலு அதன் மேல்தோலை ஒட்டிய பகுதியில்தான். உள்சதையைச் சீவித் தள்ளிவிட்டு வெளிப்பக்கத்தைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். எண்ணெய்ப் பசை நீக்கி, உலர்த்தி, பிளந்து, ஒரே அகலத்துக்கும் கனத்துக்கும் இழைத்துக்கொள்வதற்கே பல வருடப் பயிற்சி. பின்னுவது அதற்கு அப்புறம். கியூஷூவில் பெப்பு என்கிற வெந்நீர் ஊற்று ஊரில் இதற்கென்றே அரசுப் பயிற்சிக்கூடம் உண்டு.

பழைய குடிசைகளின் கூரைக்கடியில் நூறு, இருநூறு வருடம் அடுப்புப்புகை குடித்துக் கறுத்துச் சிவந்த மூங்கிலை 'சுசுதாகெ' என்பார்கள். அந்த வீடுகள் போய்விட்டன, மூங்கிலும் அருகிவிட்டது. அதற்குப் 'புகைமூங்கில்' போதும்தானே?

நெல்லை அண்ணாச்சிக்கு: உங்கள் கட்சிக்கும் சாட்சி இருக்கிறது. ஷோனோ ஷொஉன்சாய் பெப்புக்காரர். 1967-இல் மூங்கில் வினைஞர்களில் முதல் ஆளாக 'வாழும் தேசியச் செல்வம்' ஆனார், அது ஜப்பான் அரசு தரும் பட்டம். 1956-இல் அவர் செய்த பொருள் ஒன்று, கொந்தளிக்கிற அலை மாதிரியே இருக்கும். சிற்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதன் தலைப்பில் அவரே 'பூக்கலம்' என்றுதான் எழுதினார்.

நெல்லையிலிருந்து, புதன் மதியம்

பார்த்தீர்களா.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் இரவு

எல்லாருக்கும் வணக்கம். நீங்கள் ஏன் இவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று விளங்கவில்லை. எங்கள் ஊரில் பனையோலையில் பாய் இழைப்பது, பெட்டி இழைப்பது, கடகம் இழைப்பது என்றுதான் சொல்வோம். கிடுகு மட்டும் பின்னுவோம். என் அம்மம்மா ஓலையைச் சத்தகத்தால் வார்ந்து, மற்றப் பெண்களோடு கதைத்துக்கொண்டே பார்க்காமல் இழைப்பா. 'இழைசிற்பம்' என்று வையுங்கோவன்.

சென்னையிலிருந்து, வியாழன் காலை

யாழ்ப்பாணத்து ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் இங்கே இழைப்பு என்றால் தச்சர் இழைப்புளி போடுவது, அல்லது சந்தனம் இழைப்பது. அதை விட்டால் தீங்கு இழைப்பது. நேற்று ஒசாகாத் தம்பியே பிளாச்சைச் சீராக்குவதற்கு அதைத்தான் எழுதினார். ஒரே கட்டுரையில் இரண்டு இழைப்பு வந்தால் வாசகர் தடுமாறுவார். 'பின்னற்சிற்பம்' என்று யோசித்தேன், திருப்பூர்த் தோழி ஒருத்தி பனியன் சிற்பமா என்று கேட்டாள். ஆகவே முடைதலுக்கு வருகிறேன். 'முடைச்சிற்பம்'?

கோவையிலிருந்து, வியாழன் காலை

அம்மா, முடை என்றால் நாற்றம். முடைநாற்றம் கேள்விப்பட்டதில்லையா? பணமுடையும் உண்டு. நாறும் சிற்பம், அல்லது காசில்லாத சிற்பம். இரண்டும் வேண்டாம்.

மதுரையிலிருந்து, வியாழன் காலை

நாற்றமே ஒரு காலத்தில் நறுமணம்தான் ஐயா. இருக்கட்டும். அக்காவின் சொல்லில் ஒரே ஓர் எழுத்துதான் தப்பு. ச் போட்டதால் முடை பெயராகிவிட்டது, நாறுகிறது. ச் எடுத்துவிட்டு 'முடைசிற்பம்' என்று எழுதுங்கள். ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை. முடைந்த, முடைகின்ற, முடையும் சிற்பம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஒற்று இருந்தால் நாற்றம், இல்லாவிட்டால் கலை.

கோவையிலிருந்து, வியாழன் மதியம்

இலக்கணம் ஒப்புகிறேன், சொல்லை ஒப்பவில்லை. ஒசாகாத் தம்பி 'அமு' என்றாரே, அதற்கு அவர்கள் எழுதும் எழுத்தையே நூல் தொகுப்பதற்கும் எழுதுகிறார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். நமக்கு அது புதிதா? யாத்தல் கட்டுதல், யாப்பு செய்யுள். கூடைக்கும் கவிதைக்கும் ஒரே வினை. 'மூங்கில் யாப்பு' என்று சொல்லிப் பாருங்கள்.

மேலும், கலைஞர் பெயர்களில் 'சிகு' என்று வருகிறதே, மூங்கில் என்று பொருளாம். நம் சிக்கு! தலைமுடிச் சிக்கு, நூற்சிக்கு. ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு அன்றே சொன்னார், தமிழும் ஜப்பானியமும்...

மட்டுறுத்துநர், வியாழன் மதியம்

ஐயா, ஓனோவுக்குத் தனி மடலிழை இருக்கிறது. அங்கே நானூறு மடல் ஆகிவிட்டது. தயவுசெய்து.

ஒசாகாவிலிருந்து, வியாழன் மாலை

எழுத்து விஷயம் உண்மைதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் 'சிகு' சீனத்திலிருந்து வந்த ஒலிப்பு. உள்ளூர்ச் சொல் தாகெ. சிக்குக்கும் அதற்கும் ஒட்டு இல்லை.

யாப்பு என்றதும் ஈஸுகா ரோகன்சாய் (1890–1958) நினைவுக்கு வந்தார். அவர் தம் கூடைகளை, தூரிகையெழுத்தில் இருக்கிற மாதிரி, மூன்று நடையாகப் பிரித்தார். ஷின் திருத்தமான நடை. ஸோ ஓடும் கை. கியோ இடைப்பட்டது. ஸோவில் செய்தவை கட்டற்றுக் கிடப்பதுபோல் தெரியும், அவிழாது. கோவை ஐயாவுக்குப் பிடிக்கும்.

சேர்ப்பவர்கள் பற்றி. லாயிட் காட்சென் (1929–2017) நியூட்ரோஜினா சோப்புக் கம்பெனியை நடத்தியவர். எண்ணூறுக்கு மேற்பட்ட ஜப்பானியக் கூடைகளைச் சான் பிரான்சிஸ்கோவின் ஆசியக் கலை அருங்காட்சியகத்துக்கு 2002-இல் கொடுத்தார். அதற்கு முன்பே 2000-இல் தம் பெயரில் மூங்கில் கலைக்கு ஒரு பரிசு தொடங்கியிருந்தார். டயான், ஆர்தர் ஏபி தம்பதியின் எழுபதுக்கு மேற்பட்ட பொருள்கள் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு. 2017-இல் அங்கே காட்சி.

ஜப்பானில் இந்தப் பூக்கூடைகள் தேநீர் விருந்துக்கும் மலரணிக்கும் விற்றவை. அந்தச் சந்தை சுருங்கியபோது வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். அவர்களுக்குப் பூ வைக்க வேண்டிய தேவை இல்லை. கூடைக்குள் தண்ணீருக்கென்று ஒரு மூங்கில் குழாய் இருக்கும், 'ஒதொஷி' என்பது. புதிய பொருள்களில் குழாயும் போயிற்று, வாயும் போயிற்று. ஒரு வகையில் இந்தச் சொல் சிக்கலை நமக்கு உண்டாக்கியவர்களே அவர்கள்தான்.

நெல்லையிலிருந்து, வியாழன் மாலை

அப்போது கணக்கு சுலபம். உள்ளே குழாய் இருந்தால் கூடை, இல்லாவிட்டால் உங்கள் இஷ்டம்.

சென்னையிலிருந்து, வியாழன் இரவு

அண்ணாச்சி, கிண்டலாகச் சொன்னீர்களோ என்னவோ, அதையே வைத்துக்கொள்கிறேன். பன்னிரண்டில் நாலு படம் கூடை, மீதி எட்டும் முடைசிற்பம்.

இல்லை, ஏழு. கடைசிப் படம் இடிக்கிறது. நாலாம் தனபெ சிகுஉன்சாய் (சிக்கூன்சாய் என்று எழுதினால் காய்ச்சல் மாதிரி இருக்கிறது, பிரித்தே எழுதுகிறேன்) 2017-இல் அதே மெட்ரோபாலிடனில் கட்டியது. புலிவரி மூங்கில் பிளாச்சுகள் முறுக்கிக்கொண்டு கூரையைத் தொடுகின்றன. காட்சி முடிந்ததும் அவிழ்த்துவிடுவார், அதே பிளாச்சை அடுத்த ஊரில் இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்வார். இதை எந்தச் சேகரிப்பாளர் வீட்டுக்குக் கொண்டுபோவார்? 'நிறுவற்கலை' என்று ஒன்று புழங்குகிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

நெல்லையிலிருந்து, வியாழன் இரவு

கட்டுகிறான், நாலு நாள் நிற்கிறது, அவிழ்க்கிறான், மூங்கிலை வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்குப் போகிறான். இதற்கு நம் ஊரில் பெயர் இல்லையா? பந்தல்.

மதுரையிலிருந்து, வியாழன் இரவு

மூன்று நாளில் இந்த இழைக்கு வந்த மிகச் சிறந்த சொல். நான் எழுந்து நிற்கிறேன்.

மட்டுறுத்துநர், வெள்ளி காலை

அக்காவுக்கு நேரம் இல்லை, எண்ணிப் பார்த்தேன். 'முடைசிற்பம்' ஐந்து பேர், பாதிப்பேர் களைத்துப்போய். 'இழைசிற்பம்' இருவர். 'மூங்கில் யாப்பு' கோவை ஐயா மட்டும். 'கூடை' நெல்லை அண்ணாச்சி, கடைசிவரை. ஆறுகண், நாலுகண், புகைமூங்கில், பந்தல் நான்குக்கும் எதிர்ப்பு இல்லை. தொகுப்பாளர் என்றால் இப்போது தொலைக்காட்சியில் ஒலிவாங்கி பிடிப்பவர், ஆகவே சேகரிப்பாளர். அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபின் அவரைப் புரவலர் என்னலாம் என்று ஒரு கருத்து வந்தது. ஒத்திவைக்கிறேன்.

கோவையிலிருந்து, வெள்ளி காலை

'சேகரம்' வடசொல் என்பதைப் பதிவு செய்கிறேன்.

சென்னையிலிருந்து, ஞாயிறு மாலை

எல்லோருக்கும் நன்றி. வெள்ளி இரவு கொடுத்துவிட்டேன். இன்று மெய்ப்பு வந்தது. திருத்தியவர் நல்ல எண்ணத்தோடு எல்லா 'முடைசிற்ப'த்திலும் ச் சேர்த்துவிட்டார். தேடித் தேடி எடுத்தேன், அனுப்பியும் விட்டேன். அனுப்பிய பிறகு பார்க்கிறேன், ஏழாவது படக்குறிப்பில் ஒன்று தப்பிவிட்டது. அச்சுக்குப் போயிற்றாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து, ஞாயிறு இரவு

'இழைச்சிற்பம்' என்று ச் போட்டால் நூலிழைச் சிற்பம் என்றுதான் வரும். எங்கள் சொல் எப்படி எழுதினாலும் நாறாது, பிள்ளை.