புதுப்பிப்பு: கர்ப்பப்பை எடுத்த பிறகு வேலையும் பயணமும் (பெங்களூரு)

முந்தைய பதிவில் வீட்டு ஓய்வைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். ஒயிட்ஃபீல்டு பக்கம் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் கேட்டதால் இது.

லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் அறுவை) என்றால் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பெரும்பாலும் 2–4 வாரத்தில் திரும்பலாம். வயிற்றைத் திறந்து செய்திருந்தால் 6–8 வாரம். வெளிக்காயம் ஆறிவிட்டதை வைத்து முடிவெடுக்காதீர்கள். யோனியின் மேல்முனையில் போட்ட உள்தையல் ஆற 6 வாரமாவது வேண்டும். கனம் தூக்கினாலும் மலச்சிக்கலில் முக்கினாலும் அழுத்தம் அங்கேதான் இறங்கும். லேப்டாப் பை, டிபன், தண்ணீர் எல்லாம் சேர்த்து 4 கிலோவுக்குள் இருக்கட்டும். ஸ்கூட்டருக்கு சென்டர் ஸ்டாண்ட் வேண்டவே வேண்டாம்.

ஸ்பீடு பிரேக்கரில் குலுங்கும் ஆட்டோவைவிட மெட்ரோ மேல். மெஜஸ்டிக் ஸ்டேஷனில் லைன் மாற லிஃப்டில் போங்கள். காரில் இடுப்பு பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே மடித்த துண்டு வையுங்கள்.

ஊருக்கு ரயிலில் போனால், 45 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. மணிக்கொரு தடவை எழுந்து நடங்கள். அறுவைக்குப் பின் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.